வீடு புக் பண்ணியிருக்கோம்

"வீடு புக் பண்ணியிருக்கோம்" என்று அம்மாவிடம் போனில் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தருமபுரி டவுனுக்கு வெளியே அரசாங்கம் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு கேட்டு மனு கொடுத்திருந்தோம், அவ்வளவுதான். சொந்த வீடு இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கான வீடு. மாதாமாதம் வாடகை மாதிரி ஒரு சின்னத் தொகை கட்டினால் போதும். முதலில் விசாரணைக்கு வருவார்கள், பிறகு லிஸ்ட்டில் பெயர் வர வேண்டும். இதையெல்லாம் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. எனக்கு எப்போதுமே வாய்தான் முதலில் போகும். புத்தி அடுத்த பஸ் பிடித்துப் பின்னால் வரும்.

அம்மா சும்மா இருப்பாளா? கம்பைநல்லூர் பக்கம் எங்கள் ஊர். ஊரில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள், எல்லாரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று ஒருத்தியிடம் சொன்னால் போதும், மைக் வைத்துச் சொன்ன மாதிரி. அன்றைக்குச் சாயந்திரமே பெரியம்மா போன் பண்ணி எத்தனை பெட்ரூம் என்று கேட்டாள். ரெண்டு என்றேன். அது ஒரு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீடு.

நாங்கள் இருந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், லைன் வீட்டில். வரிசையாக நாலு போர்ஷன், பின்னால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான். பழைய ஓனர் இருந்தவரை வாடகையை ஏற்றுவதற்கே கூச்சப்படுவார். பொறுப்பு மகன் கைக்குப் போனதும், எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறேன், பெரிய லீவு முடிவதற்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டான். வேறு வீடு தேடிப் போனால், அவர்கள் அட்வான்ஸ் சொல்லும்போதே நாங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம். என் கணவர் குட்டியானை வண்டியில் தக்காளி லோடு அடித்துக்கொண்டிருந்தவர். இடுப்பு வலி வந்தபிறகு வாரத்தில் பாதி நாள் படுக்கைதான். நான் ஒரு புடவைக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன்.

அந்த அரசாங்க வீடு கிடைக்காவிட்டால் மொரப்பூர் பக்கம் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எங்கள் பாகத்தை மாமனாரின் வைத்தியத்துக்காக எப்போதோ விற்றாயிற்று. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு ரூம் இருக்கிறது, வந்து இருந்துகொள்ளுங்கள் என்று அவர் அண்ணி பெரிய மனசோடு சொல்லியிருந்தாள். அந்த ரூமுக்குப் போனால் என் வேலை போகும், மகளின் பிளஸ் டூ பாதியில் நிற்கும். நடுவில் வேறு வழியே இல்லை. அரசாங்க வீடு, இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டகை.

லைனில் மற்ற மூன்று குடும்பத்துக்கும் ஊரில் ஓட்டு வீடாவது ஒன்று இருந்தது, அதனால் அவர்கள் மனுப் போட முடியாது. நாங்கள் மட்டும்தான் போட்டோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றேன். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிக்கொள்வார்கள் என்று கேட்டிலேயே எல்லார் பையையும் சோதிப்பார்கள். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு போலீஸ்காரம்மா மோந்து பார்த்தார். அவர் மேல் தப்பில்லை, அது அவர் வேலை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நல்ல வெயிலில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன், வெயிலுக்காக இல்லை.

அப்படியும் தப்பவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பட்டா விஷயமாக வந்திருந்தவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். என்னம்மா இங்கே என்றார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதத் தெரியாது, அவங்க மனுவைக் கொடுக்க வந்தேன் என்றேன். அவர் உடனே நல்ல காரியம், ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அக்கா பத்தாவது பாஸ்.

இப்போது அந்த அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அடுத்த போர்ஷன். கணவன் மனைவி இரண்டு பேரும் இட்லிக் கடை வைத்திருக்கிறார்கள். உதவி என்று கேட்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தே செய்துவிடுவார். விசாரணைக்கு ஆள் வருகிறது என்று நான் சொன்னதும் முதலில் பரபரத்தது அவர்தான்.

"ஆபீசருங்க வூட்டுக்கே வர்றாங்கன்னா சும்மாவா? பொண்ணு பாக்க வர்றப்ப செய்யற மாதிரி செஞ்சுரலாம், நீ பேசாம இரு."

எங்கள் லைனில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் நாலு வீட்டுச் சாமானும் அந்த ஒரு வீட்டுக்குப் போய்விடும். நாற்காலி ஒரு வீட்டிலிருந்து, பெட்ஷீட் ஒரு வீட்டிலிருந்து, பளபளப்பான டம்ளர் எல்லா வீட்டிலிருந்தும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போனதும் குழாயடியில் வைத்துக் கழுவி, அவரவர் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். இப்படி மூன்று பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஒரு சண்டை வந்ததில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மனசே வரவில்லை. புடவைக் கடையில் இத்தனை வருஷம் நின்று நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். உள்ளே வருகிறவர்களின் செருப்பையும் கைப்பையையும் பார்த்துத்தான் நாங்கள் எந்த அலமாரியைத் திறப்பது என்று முடிவு செய்வோம். ரப்பர் செருப்போடு வருகிறவர்களுக்குப் பட்டை விரித்துக் காட்ட மாட்டோம். கேட்டால்கூட, அது விலை அதிகம்ங்க என்று அலமாரியைத் திறக்காமலேயே சொல்லுவோம். நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் வருகிற ஆபீசரும் எங்கள் செருப்பைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். நல்ல குடும்பம், மரியாதையான குடும்பம், இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும் என்று நினைத்தேன். ஏழைக்குக் கொடுக்கிற வீட்டைக் கேட்டுவிட்டு, ஏழை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாமான் வந்து இறங்கியது. குஷன் வைத்த நாற்காலிகள், கடைசி போர்ஷனின் பெரிய டி.வி., ஜன்னலுக்குத் திரைச்சீலை, கண்ணாடி டீப்பாய். அக்கா தன் கழுத்துச் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். கடையிலிருந்து சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு நல்ல புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எங்களுடையதாக வெளியே தெரிந்தது மாதா படமும் காலண்டரும்தான்.

அண்டா ஒன்று இருந்தது. பித்தளை அண்டா. என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர். அந்த வருஷம் புளி நல்ல விலைக்குப் போனது, அந்தப் பணத்தில் அப்பாவும் அம்மாவும் தருமபுரி பாத்திரக் கடையில் அரை நாள் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி, பஸ் மேலே கட்டிக்கொண்டு போனார்கள். கழுத்தைச் சுற்றி அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் என் பெயரும் வெட்டியிருக்கும். சமையல்கட்டு மூலையில் தண்ணீர் பிடித்துவைக்க அதுதான். கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தால் பட்டிக்காட்டு வீடு மாதிரித் தெரியும் என்று சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு அம்மா. நடு வயசு, காட்டன் புடவை, தோளில் கனமான பை. மேடம் மேடம் என்று நாங்கள் உருகியதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. குஷன் நாற்காலியில் உட்கார்ந்தார், காபியைக் குடித்தார், டி.வி.யைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். இரண்டு மூன்று கேள்விதான் கேட்டார். எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் சந்து திரும்பியதும் அக்கா என் தாடையைத் தொட்டு முத்தம் வைத்து, பாஸாயிட்ட என்றார். அன்றைக்கு ராத்திரி நாலு வீட்டுக்கும் சேர்த்துக் கேசரி கிண்டினேன்.

லிஸ்ட் ஒட்டினபோது எங்கள் பெயர் இல்லை. ஆபீஸில் போய்க் கேட்டதற்கு ஒரு தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்து, வசதியான குடும்பம் என்று ரிப்போர்ட் இருக்குதுங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படி இறங்கி, ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் படுத்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

"இரவல் சேலைய நம்பி இடுப்புச் சேலைய எறிஞ்ச கதையா ஆயிப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் திங்கட்கிழமை, மறுபடியும் கேட், மறுபடியும் பாட்டில். இந்தத் தடவை முந்தானையை இழுத்துவிடவில்லை. அதற்குக்கூட மனசில் தெம்பு இல்லை. மறு விசாரணை பண்ணச் சொல்லி மனுவில் எழுதிக் கொடுத்தார்கள். சில நாளில் அந்த மேடமே போன் பண்ணினார். நாளை மறுநாள் வருகிறேன், உங்கள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் உங்களுக்கு வீடோ பங்கோ இல்லை என்று இரண்டு பக்கப் பெரியவர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். இவர் அண்ணன் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார். அந்தக் கையெழுத்தில் அவருக்குச் சந்தோஷம்தான்.

என் பக்கம் அப்பா. அப்பாவுக்கோ நாங்கள் வீடு "புக்" பண்ணியிருக்கிறோம்.

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு கையெழுத்து வேணும்ப்பா, வந்துட்டுப் போங்க என்றேன். காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். திருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு. பத்திரம் பதிவு பண்ணப் போகிறோம், சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்து வரைக்கும் நடக்கும்போது சொன்னேன். எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பது மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனு, லிஸ்ட், மாட்டுக் கொட்டகை எல்லாம்.

"அப்ப புக் பண்ணலயா?"

"இல்லப்பா."

"ஏழைங்களுக்குக் குடுக்கறதா?"

"ஆமாப்பா."

பையைக் கை மாற்றிக்கொண்டார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை. வீடு வருகிறவரை எனக்கு முன்னால் நடந்தார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் மாதாகோயில் திருநாள் வரியை ஊரில் முதல் ஆளாகக் கட்டுகிறவர். யார் வீட்டிலும் ஒரு படி நெல் கைமாற்றாகக் கேட்டதில்லை. இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு அப்படி இருப்பதற்கு என்ன பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மேடம் வந்தார். இந்தத் தடவை வீட்டில் எங்கள் சாமான் மட்டும்தான். பாயை விரித்தேன். அவர் நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தார், முகம் கடுத்துவிட்டது.

"போன தடவ சேர் இருந்துச்சு, பெரிய டி.வி. இருந்துச்சு, டீப்பாய் இருந்துச்சு. இப்ப எங்க கொண்டு போய் ஒளிச்சு வெச்சிருக்கீங்க? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். முதல் தடவை இல்லாததை இருப்பதாகக் காட்டினேன். இப்போது இருப்பதை மறைக்கிறேன் என்கிறார். அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அதெல்லாம் இரவல்ங்க மேடம். எங்களுது இல்லீங்க. செயின்கூட இல்லீங்க. கட்டியிருந்த பொடவ கடையுதுங்க."

அவர் நம்பவில்லை. எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க என்றார். எங்கள் லைனில் சுவர் கனம் கிடையாது, பேசினது எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. முதலில் இட்லிக்கடை அக்கா வந்தார், கையில் அந்த டம்ளர்களோடு. இதுதானுங்க நீங்க காபி குடிச்சது, பாருங்க, என் பேரு வெட்டியிருக்குது என்று காட்டினார். பின்னாலேயே கடைசி போர்ஷன்காரர் வந்து டி.வி. எங்களுதுங்க, வந்து பாருங்க, ஆணியில மாட்டியிருக்குது என்றார். நாற்காலி எங்களுது என்று ஒருத்தி. திரைச்சீலை எங்க மாமியார் தைச்சது என்று இன்னொருத்தி. வாசலில் நின்று ஆளுக்கொன்றாக உரிமை கொண்டாடினார்கள். எல்லாம் என் நல்லதுக்குத்தான். ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்த மாதிரி இருந்தது. இவங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க மேடம், பாவம்ங்க, ஒண்ணுமே இல்லாதவங்க என்று அக்கா முடித்தார். என் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன். அப்படி ஒரு வெட்கம் என் வாழ்நாளில் நான் பட்டதில்லை.

மேடத்தின் முகம் கொஞ்சம் இளகியது. பாயில் உட்கார்ந்தார். குடிக்கறது கூழு, கொப்புளிக்கறது பன்னீரா என்று என்னைப் பார்த்துச் சொன்னார், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார். மகளுக்கு உங்கள் சொத்தில் வீடோ நிலமோ கொடுத்திருக்கிறீர்களா, வேறு ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா, வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பூசையில் வாசகம் வாசிக்கப் போகும்போது அப்படித்தான் செய்வார்.

"எம்மவளுக்கு நான் எதுவும் குடுக்கலைங்க."

மேடம் எழுதினார். அப்பா கீழே கையெழுத்துப் போட்டார், பெரிய பெரிய எழுத்தாக, முழுப் பெயரையும்.

அதோடு முடிந்திருக்கும். கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மேடம் சமையல்கட்டுக்குள் வந்தார். நானும் அக்காவும் பின்னால் போனோம், அப்பா நிலைப்படியில் நின்றார். அண்டா மேல் இன்றைக்குச் சாக்கு இல்லை. மேடம் அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு குனிந்து பார்த்து, இது நல்ல பழைய சாமானா இருக்குதே என்றார்.

அவர் சும்மாதான் சொன்னார். அப்பா இப்போதுதான் எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், மை காயவில்லை. அவர் பெயர் இதன் கழுத்தில் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டால் அதுவும் பொய் என்பார்கள், வீடு போய்விடும், மாட்டுக் கொட்டகைதான்.

"அதுவும் அக்காவுதுதானுங்க" என்றேன்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆமாங்க மேடம், எங்களுதுதான், வூட்டுல எடம் இல்லாம இங்க போட்டு வெச்சிருக்கோம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தார் என்று தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனால் என்ன ஆகும்? டம்ளர் விஷயத்தில் அக்காதான் அவருக்குப் பெயர் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். மேடம் குனிந்து அண்டாவின் கழுத்தை விரலால் துடைத்தார். வாசித்தார். கையிலிருந்த பேப்பரில் அப்பா போட்ட கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி அண்டாவைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"அது எங்க ஊரு கோயில் புனிதரோட பேருங்கம்மா. வூட்டுக்கு ஒருத்தருக்கு அந்தப் பேருதான். வேற யாராச்சும் குடுத்ததா இருக்குமுங்க."

பேர் விஷயம் உண்மைதான், எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஆனால் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எடை போடும்போது புளியில் கொட்டை கிடந்தால் தானே பொறுக்கி எடுத்துப் போடுகிற மனிதர். எனக்காக, என் முன்னால், அந்தத் திருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தான் கொடுத்த சீரைத் தான் கொடுக்கவில்லை என்று சொன்னார்.

மேடம் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஐயா, இதுல பொண்ணு பேரும் இருக்குதுங்க" என்றார் மெதுவாக. "நாங்க கேக்கறது வூடும் நெலமும்தான். அண்டா இருந்தா வூடு கெடையாதுன்னு எந்த ரூலும் இல்லீங்க."

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். மேடம் கிளம்பும்போது அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பாவைச் சாப்பிட வைக்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. என்னை மன்னிச்சிருங்கப்பா என்று சொல்லலாம்தான், வாய் முந்துகிற எனக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. பஸ் வந்து, அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகுதான் என்னைப் பார்த்துப் பேசினார்.

"உங்கம்மாளுக்கு புக் பண்ணதாவே இருக்கட்டும், பாப்பா."

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசித்தார்கள். சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொல்லுகிற இடம் வந்ததும் என்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அவராவது உயிருக்குப் பயந்து சொன்னார்.

வீடு கிடைத்தது. அடுத்த லிஸ்ட்டில் பெயர் வந்தது, குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்தது. பெரிய லீவு முடிவதற்குள் மாறிவிட்டோம். மகள் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள், நான் கடைக்குப் போகிறேன். இடுப்பு வலியோடு இவர் மூன்று மாடி ஏறுவதுதான் சிரமம், ஆனாலும் ஏறுகிறார். மாட்டுக் கொட்டகை ரூமில் இப்போது தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம்.

தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்தார்கள். பழைய லைனிலிருந்து இட்லிக்கடை அக்கா மட்டும் வந்தார். எம் மவ புக் பண்ணி வாங்குன வூடு என்று அம்மா சாமியாரிடம் சொன்னாள். சாமியாருக்கு அது என்ன குடியிருப்பு என்று தெரியும், கேட்டிலேயே போர்டு இருக்கிறது. ரொம்ப சந்தோசம்மா என்றார். நான் ஜூஸ் ஊற்றப் போய்விட்டேன்.

சாமியார் போனபிறகு அம்மா சமையல்கட்டில் அண்டாவைப் பார்த்தாள். என்னடி இப்படிக் கறுக்க விட்டுருக்க என்று திட்டிக்கொண்டே புளியைக் கரைத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்கப் பெயர் பளிச்சென்று வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று தெரியும். வெட்டும்போது பக்கத்தில் நின்றவள். அக்காவைக் கூப்பிட்டு, விரலை வைத்துக் காட்டினாள்.

"இந்தா பாரும்மா, இது இவங்கப்பா பேரு. இது எம் மவ பேரு. நாங்க குடுத்த சீரு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி அண்டாவைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கனமுங்கம்மா. இப்பல்லாம் இப்படி யாரு குடுக்கறாங்க."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா ஹாலில் ஜன்னலோரமாக நின்றிருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டது. திரும்பாமலே, மேல தண்ணி எத்தன மணிக்கு வருது பாப்பா என்று என்னைக் கேட்டார். காலையில ஆறு மணிக்குங்கப்பா என்றேன்.